கம்பளிச் சதுரத்தில் ஒரு ரோஜா

இல்லமும் கைவேலையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வடக்கே குடியேறிய நம்மவர் இல்லங்களில் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. ரஜாய்கள் வெயிலில் விரிக்கப்படுகின்றன. சென்ற ஆண்டு பிள்ளைக்குச் சரியாயிருந்த ஸ்வெட்டர் இவ்வாண்டு வயிற்றுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தம்பி தங்கையும் இல்லையென்றால் அதனை என்ன செய்வது என்ற யோசனை எழும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்ணிடம் போட்டுவிடுவதற்கு முன்னர் வேறொரு வழியும் உண்டென்பதை இத்திங்கள் கூற விரும்புகிறேன். கம்பளி நூலைப் பிரித்துச் சிறு சிறு சதுரங்களாகப் பின்னி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வையாக்குவதே அவ்வழி. சதுரத்தின் நடுவில் இதழ்கள் எழும்பி நிற்கும் ரோஜாப் பூ ஒன்றை அமைத்துவிட்டால், பழைய ஸ்வெட்டர் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நம் பெண்மணிகளுக்குக் குரோஷா புதியதன்று. ரேடியோப் பெட்டிக்கு உறை, மேஜைக்கு விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம், பாசிமணி கோத்த பால் செம்பு மூடி என்று ஒரு தலைமுறையே பின்னித் தள்ளியிருக்கிறது. ஆனால் அது வெள்ளைப் பருத்தி நூலும் மெல்லிய எஃகுக் கொக்கி ஊசியும் கொண்டு செய்யும் வேலை. வடநாட்டுப் பெண்களின் கை கம்பளியில் பழகியது. பெரும்பாலும் இரண்டு நீண்ட ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும் கை. கொக்கி ஊசி வேலையை அவர்கள் ‘குரோஷியா’ என்பார்கள். பருத்தி நூலில் நாம் பின்னும் நுண்ணிய பூவைக் கண்டு அவர்கள் வியக்கிறார்கள்; பேசிக்கொண்டே மூன்று நாளில் ஒரு ஸ்வெட்டரை முடித்துவிடும் அவர்களைக் கண்டு நாம் வியக்கிறோம். இதழ் எழும்பிய ரோஜாச் சதுரம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. வேலை முறை லேஸினுடையது, நூல் கம்பளியினுடையது. ஆகையால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் ஏற்றதென்பது என் அபிப்பிராயம்.

இதன் பூர்வோத்தரத்தையும் சிறிது அறிந்துகொள்வது நன்று. அயர்லாந்து தேசத்தில் 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் விளைந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு ஏதேனும் வருவாய் கிடைக்கட்டுமென்று கன்னிமாடங்களிலும் பாதிரிமார் இல்லங்களிலும் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்பித்தார்கள். குளோன்ஸ் என்னும் ஊரில் 1847இல் அங்கிருந்த பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் என்பவர் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். அவ்வூர் லேஸில் ரோஜா ஒரு முக்கியமான உரு. ஒருத்தி ரோஜா மட்டும் பின்னுவாள். மற்றொருத்தி இலை மட்டும் பின்னுவாள். பின்னர் ஒருத்தி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துணியாக்குவாள். இதழ்களை அடுக்கடுக்காக, ஒரு வரிசைக்குப் பின்னால் மற்றொரு வரிசையாக எழுப்பும் உபாயம் நமக்கு அங்கிருந்து வந்ததே. சதுரத்தின் கதை வேறு. அமெரிக்காவில் ‘பிரெய்ரி பார்மர்’ என்னும் விவசாயப் பத்திரிகை 1885இல் இதன் செய்முறையை அச்சிட்டிருக்கிறது. 1897இல் இங்கிலாந்தின் வெல்டன் கைவேலை நூல் வரிசையிலும் இது ஒட்டுப்போர்வைக்கான சதுரமாக இடம்பெற்றது. பாட்டியின் சதுரம் என்ற பொருளில் ‘கிரானி ஸ்கொயர்’ என்று வழங்குவது பிற்காலத்துப் பெயர். மிஞ்சிய துண்டு நூலை வீணாக்கலாகாது என்ற சிக்கனத்தில் பிறந்த வேலை இது. இதற்கென்று புதுக் கம்பளி வாங்கிச் செய்வோரை நான் தடுக்கவில்லை. ஆயினும் இதன் குணம் அதுவன்று.

இனி நூலைப் பற்றி. கையால் பின்னிய ஸ்வெட்டரானால் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கத்து முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் ஒரே சரமாக வந்துவிடும். கடையில் வாங்கியவற்றில் சிலவற்றை இயந்திரத்தில் நெய்த துணியிலிருந்து வெட்டித் தைத்திருப்பார்கள். அவற்றின் உட்புறத் தையலைப் புரட்டிப் பாருங்கள். ஓரம் வெட்டுப்பட்டு நெருக்கமாகச் சுற்றித் தைத்திருந்தால் அதனைப் பிரிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு வரிசையும் தனித் துண்டாக வந்து பொறுமையைச் சோதிக்கும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதனை நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் சுருள் நிமிர்ந்துவிடும்.

கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இதனினும் முக்கியம். லூதியானாவிலிருந்து வரும் நூல்களில் இரண்டும் உண்டு, கலப்பும் உண்டு. கடையில் எல்லாவற்றையும் ‘ஊன்’ என்றே கொடுப்பார்கள். ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் உண்மை வெளிப்படும். கம்பளியானால் தலைமயிர் கருகும் நாற்றமெழும். எஞ்சும் கரி விரலில் நசுங்கித் தூளாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கெட்டியான மணியாகிவிடும். (ஆறும் வரை தொடலாகாது. குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்யவும்.) கம்பளி சுடுநீரில் சுருங்கும்; அக்ரிலிக் அவ்வாறு சுருங்காது. இரண்டையும் ஒரே போர்வையில் சேர்த்துவிட்டு ஒரு நாள் வாஷிங் மெஷினில் சுடுநீர் விட்டுத் துவைத்தால், சில சதுரங்கள் ஒடுங்கி மற்றவை பொங்கி, ஒரு குளிர்காலத்து வேலை அப்பளம்போல் வளைந்து வெளியே வரும்.

செய்முறைக்குள் புகுமுன் பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயர் புத்தகத்தில் ‘டபுள்’ என்றிருப்பதே அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ ஆகும். அமெரிக்கரின் டபுள் ஆங்கிலேயருக்கு ‘டிரெபிள்’. நம் பாட்டிமார் கன்னிமாடத்துப் பள்ளியில் கற்றது ஒரு முறை. இன்று கைப்பேசிக் காணொளிகளில் பெரும்பாலும் காட்டப்படுவது மற்றொரு முறை. பாட்டியும் பேத்தியும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு கண்ணி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் குறை கூறும் விந்தை இதனால்தான் நேர்கிறது. இங்கே நான் அமெரிக்க வழக்கையே கொள்கிறேன். கண்ணியில் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசிமேலுள்ள இரு வளையங்களையும் ஒருசேரக் கழற்றுவது சிங்கிள். ஊசிமேல் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு நுழைத்து இழுத்து, மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் கழற்றுவது அரை டபுள். அவ்வாறே சுற்றி நுழைத்து இழுத்து, இரண்டு இரண்டாக இரு முறை கழற்றுவது டபுள்.

நடுத்தரக் கனமுள்ள நூலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். பூவுக்கு வேண்டிய நிறத்தில் ஆறு சங்கிலி போட்டு, முதற் சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்து வளையமாக்குங்கள். முதற் சுற்றுக்கு ஐந்து சங்கிலி போடுக. இதில் மூன்று ஒரு டபுளுக்கும் இரண்டு இடைவெளிக்கும் ஈடு. வளையத்துக்குள் ஒரு டபுள், இரண்டு சங்கிலி என ஏழு முறை போட்டு, தொடக்கத்துச் சங்கிலியின் மூன்றாவது கண்ணியில் இணைத்தால் எட்டு ஆரமுள்ள சிறு சக்கரம் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வோர் இடைவெளியிலும் சிங்கிள், அரை டபுள், டபுள், அரை டபுள், சிங்கிள் என ஐந்து கண்ணிகள். எட்டு இதழ்கள் வந்துவிட்டன. இவை சற்றுச் சுருண்டு முன்னால் வளைவது குறையன்று. அவ்வாறே இருக்க வேண்டும்.

மூன்றாம் சுற்றில்தான் ரோஜாவின் ரகசியம் இருக்கிறது. இதழ்களைக் கட்டைவிரலால் முன்னே மடக்கிப் பிடித்துக்கொண்டு பின்புறத்தைப் பாருங்கள். முதற் சுற்றில் போட்ட எட்டு ஆரங்களும் அங்கே தெரியும். ஊசியைப் பின்னாலிருந்து நுழைத்து, ஓர் ஆரத்தைச் சுற்றி மறுபுறம் பின்னுக்கே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு சிங்கிள் போடுக. பிறகு மூன்று சங்கிலி. அடுத்த ஆரத்தைச் சுற்றி ஒரு சிங்கிள். இப்படிச் சுற்றி வந்தால் இதழ்களுக்குப் பின்னே எட்டுத் தூளிகள் தொங்கும். நான்காம் சுற்றில் ஒவ்வொரு தூளியிலும் சிங்கிள், அரை டபுள், மூன்று டபுள், அரை டபுள், சிங்கிள் என ஏழு கண்ணிகள் போட, முதலடுக்கை விடப் பெரிய இதழ்கள் அதன் பின்னாலிருந்து விரிந்து எழும். ஐந்தாம் சுற்று மீண்டும் பின்புறத்தில். மூன்றாம் சுற்றின் சிங்கிள்களைச் சுற்றிப் பிடித்து, இம்முறை நான்கு நான்கு சங்கிலியாக எட்டுத் தூளிகள். பூவின் நூலை அறுத்து முடிந்துவிடலாம்.

வட்டம் சதுரமாவது ஆறாம் சுற்றில். இலைப் பச்சையோ வேறு நிறமோ எடுத்து ஏதேனும் ஒரு தூளியில் இணைத்து, முதல் டபுளுக்கு ஈடாக மூன்று சங்கிலி போட்டுத் தொடங்குக. அத்தூளியில் மூன்று டபுள், இரண்டு சங்கிலி, மூன்று டபுள், இது மூலை. ஒரு சங்கிலி விட்டு அடுத்த தூளியில் மூன்று டபுள் மட்டும், இது பக்கம். மறுபடி ஒரு சங்கிலி, மூலை. ஒரு சங்கிலி, பக்கம். எட்டுத் தூளிகளில் நான்கு மூலையும் நான்கு பக்கமுமாக அமைய, ஒவ்வொரு பக்கத்திலும் மும்மூன்று டபுள் கொண்ட மூன்று கூட்டங்கள் நிற்கும். அதன் பின் வழக்கமான சதுர வேலைதான்: மூலை இடைவெளிகளில் இரண்டு கூட்டம், மற்ற இடைவெளிகளில் ஒவ்வொரு கூட்டம். ஏழாம் சுற்றில் பக்கத்துக்கு நான்கு, எட்டாவதில் ஐந்து, ஒன்பதாவதில் ஆறு. அத்துடன் நிறுத்தலாம். என் கைக்கு இது ஏறத்தாழ ஐந்து அங்குலச் சதுரமாகிறது.

பூவைக் கண்டு மயங்கி எல்லாச் சதுரங்களிலும் பூ வைப்பவர்கள் உண்டு. அதனை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரட்டை அடுக்கு இதழ்கள் நூலை விழுங்குகின்றன. போர்வை கனத்துப் போகிறது. படுத்தால் முதுகில் உறுத்துகிறது. நான்குக்கு ஒன்று போதும். அகலத்தில் எட்டும் நீளத்தில் பத்துமாக 80 சதுரங்கள் சேர்த்தால் 40க்கு 50 அங்குலத்தில் ஒரு பிள்ளைக்கோ, நாற்காலியில் அமரும் முதியவர் மடிக்கோ போதுமான போர்வை. ஒன்றுவிட்டொரு வரிசையில் ஒன்றுவிட்டொரு சதுரமாகப் பூ வைத்தால் சரியாக 20 பூக்கள் வரும். மற்ற 60 சதுரங்களும் வெற்றுச் சதுரங்கள். சிறு வளையத்துக்குள் நான்கு கூட்டங்களை இரண்டிரண்டு சங்கிலி இடைவிட்டுப் போட்டுத் தொடங்கும் வெற்றுச் சதுரத்தில் ஆறாம் சுற்றில் பக்கத்துக்கு ஆறு கூட்டம் வரும். அதாவது இரண்டு வகையிலும் கடைசிச் சுற்றில் ஒரு பக்கத்துக்கு 18 டபுள்; கண்ணிக்குக் கண்ணி இணைத்துத் தைக்கலாம்.

கண்ணி எண்ணிக்கை ஒத்தாலும் அங்குலம் ஒத்தாக வேண்டுமென்பதில்லை. ஒருத்தி நூலை இறுக்கிப் பிடிப்பாள். மற்றொருத்தி தளர்த்திப் பிடிப்பாள். ஒரே பெண் காலையில் பின்னியதும் பிள்ளைகள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போது பின்னியதும் ஒன்றாயிரா. தனியே பார்க்கும்போது தெரியாத கால் அங்குல வித்தியாசம் எட்டுச் சதுரங்களில் இரண்டு அங்குலமாகிவிடும். ஆகையால் பலர் கூடிச் செய்வதானால் முதலில் ஓர் அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் வரைந்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட வேண்டும். சிறிதாக வந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி. பெரிதாக வந்தால் சிறிய ஊசி. ஆளைத் திருத்த முயல்வதைவிட ஊசியை மாற்றுவது எளிது. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் பெண்கள் குழுவினர் பல கைகள் பின்னியவற்றை ஒன்றிணைத்து 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வை செய்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். நம் எண்பதுக்கே அட்டை வேண்டியிருக்கிறதென்றால் அதற்கு எவ்வளவு எண்ணிக்கையும் கண்டிப்பும் வேண்டியிருந்திருக்கும்!

எவ்வளவு நூல் வேண்டுமென்பதற்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. பூச்சதுரம் ஒன்று, வெற்றுச் சதுரம் ஒன்று பின்னி இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். சராசரி 15 கிராம் என்றால் எண்பதுக்கு 1,200 கிராம்; இணைக்கவும் ஓரத்துக்கும் தனியே சிறிது. கூட்டலும் பெருக்கலுமே ஜீவனமாகக் கொண்ட என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இக்கணக்கில் ஒரு தனி ஆனந்தம் உண்டென்பதை மறைக்கவில்லை. ஆனால் மற்றொரு கணக்கையும் போட வேண்டும்; அதனைத்தான் நம் இல்லங்களில் ஒருவரும் போடுவதில்லை. பழகிய கைக்குப் பூச்சதுரம் ஒரு மணி நேரம், வெற்றுச் சதுரம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 20 மணியும் 30 மணியும் சேர்ந்து 50. முனைகளை மறைத்துத் தைத்து இணைக்க இன்னும் 10. ஆக 60 மணி நேர வேலை. பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள், ஊன் விலையைக் கொடுத்துவிடுகிறேன்” என்பார். அன்புக்குக் கொடுப்பதானால் மனமாரக் கொடுங்கள். விலைக்கானால், மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகப் போட்டாலும் கூலி மட்டும் 3,000 ரூபாய் ஆகிறதென்பதை அறிந்து பேசுங்கள்.

இதை நான் வீம்புக்காகச் சொல்லவில்லை. ஆந்திர தேசத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரத்துக் குரோஷா லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து பின்னிய லேஸ் உலகச் சந்தைக்குப் போனது. ஆயினும் அவர்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் மனைவிமார் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலையென்று கூறி அற்பக் கூலி கொடுக்கப்பட்டது என்று அந்நூல் காட்டியது. ‘ஓய்வு நேரம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. இரண்டு ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் வந்துவிட்டது. கொக்கி ஊசி வேலையில் இயந்திரங்கள் செய்வது சாயலைத்தான். கடைத்தெருவில் மலிவு விலையில் தொங்கும் குரோஷாச் சட்டைக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தியின் கையும் மணிக்கணக்கும் இருக்கின்றன.

சதுர வேலைக்குப் பிரயாணம் உகந்தது. முழுப் போர்வையையும் மடியில் சுமக்க வேண்டியதில்லை. ஓர் ஊசி, ஓர் உருண்டை போதும். டில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். அப்பகலில் ஐந்தாறு வெற்றுச் சதுரங்கள் முடியும். பூச்சதுரத்தை வண்டியில் தொடங்க வேண்டாம். மூன்றாம் சுற்றில் ஆரத்தைத் தேடும்போது வண்டி குலுங்கினால் கண்ணி தவறும்.

இவ்வேலையால் மிகுந்த பயன் பெறுவோர் பிள்ளைகளுடன் வந்து தங்கியிருக்கும் தாய்மார்களே என்று நான் கருதுகிறேன். ஊரில் தெரு முழுவதையும் அறிந்தவர்கள், இங்கே மூன்றாம் மாடியில் மொழி தெரியாமல், மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குளிர்காலத்து மத்தியானத்தில் மொட்டைமாடி வெயிலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பின்னலோடு அமர்வது அவர்கள் காதில் விழுகிறது. ஆனால் போய் என்ன பேசுவது? கையில் பாதி பின்னிய ரோஜாவுடன் போனால் பேச வேண்டியதேயில்லை. அவர்களே வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள். கண்ணிக்கு ‘ஃபந்தா’ என்று பெயர் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பத்துவரை இந்தியில் எண்ண ஒரு வாரம் போதும், ஏனெனில் எண்ணாமல் இவ்வேலை நடவாது. மருமகளுக்கு ஒரு சொல்: மாமியாரைத் தனியே மாடிக்கு அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், முதல் இரண்டு நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நீங்களும் உடன் போய் உட்காருங்கள். கண் மங்கியவர்களுக்குக் கறுப்பும் கருநீலமும் கொடுக்க வேண்டாம்; வெளிர் நிறத்தில் கண்ணி தெளிவாகத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இடைவெளி நிறைந்த பின்னலானதால் இப்போர்வை ரஜாய்க்கு ஈடாகாது. தை மாதத்து டில்லிக் குளிரை இது ஒன்றே தாங்குமென்று நம்பி ரஜாயைத் தானம் செய்துவிட வேண்டாம். ரஜாயின் மேல் விரிக்கலாம். அல்லது பின்புறம் ஃப்ளானல் துணி கொடுத்துத் தைத்தால் கதகதப்புக் கூடும். ஹோலி கழிந்து எடுத்துவைக்கும்போது, குளிர்ந்த நீரில் துவைத்து, தரையில் பரப்பி நன்றாக உலர்த்திய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். அழுக்குப் படிந்த கம்பளியைத்தான் பூச்சி முதலில் நாடும். கொடியில் போட்டால் நீரின் கனத்தால் நீண்டு சதுரமெல்லாம் சாய்சதுரமாகிவிடும்.

சதுரங்களை இணைக்கும் முறைகளையும் ஓரம் கட்டுவதையும் அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் இருபது பூக்களையாவது முடித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் நூல் முனையை ஒரு சாண் விட்டு அறுக்கவும்.